மூன்றாம் மாடி, இடது பக்கம், லிப்றுக்கு எதிரே

ஜேர்மனியில் எந்தப் பெரிய கந்தோருக்குள் நுழைந்தாலும் வாசலில் ஒரு கண்ணாடிக் கூடு இருக்கும். உள்ளே இருப்பவரிடம் கையிலுள்ள கடிதத்தை நீட்டினால் ஒரே மூச்சில் ஒரு வசனம் சொல்லுவார்: "டிறிட்டெ எற்றாஜெ, அவுஸ் டெம் அவுஃப்ட்சூக் லிங்ஸ், டுர்ஹ் டீ கிளாஸ்ட்யூர், ட்சுவைட்டெ ட்யூர் றெஹ்ட்ஸ்." மூன்றாம் மாடி, லிப்றால் இறங்கி இடது பக்கம், கண்ணாடிக் கதவைத் தாண்டி வலப்பக்கம் இரண்டாவது கதவு. சொல்லி முடிக்கும்போதே அவருடைய கண் அடுத்த ஆளிடம் போய்விடும். வதிவிட அனுமதி பற்றி உள்ளே கதைப்பதற்கென்று இரவிரவாகப் பாடமாக்கி வந்த வசனங்களெல்லாம் அந்த இடத்திலேயே கலைந்துபோன எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன்.

என் தொழில் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு வசனத்தைச் சுற்றித்தான் போயிருக்கிறது. முதலில் மொழிபெயர்ப்பாளராக ஆட்களோடு கூடப் போய் அவர்களுக்காக அதைக் கேட்டேன். பிறகு டொச், அதாவது ஜேர்மன் மொழி, ரீச்சராகி, அவர்களே அதைக் கேட்டு விளங்கிக்கொள்ளப் படிப்பித்தேன். இரண்டில் எது பெரிய உதவி என்று கேட்டால், யோசிக்காமல் இரண்டாவது என்பேன். கதவைத் தானே கண்டுபிடித்துத் தட்டிய மனுசனுக்கு உள்ளே போய்க் கதைக்கவும் துணிவு வருகிறது.

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த எங்கள் ஆட்களில் பலர் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்றீட்றிஹ்ஷ்ட்றாஸெ ரயில் நிலையத்தால் மேற்குப் பக்கம் வந்தார்கள். 1986இல் அந்த வழி அடைபட்டது. ஒரே நிலையத்துக்குள் கிழக்குக்கு ஒரு மேடை, மேற்குக்கு ஒரு மேடை, இடையில் மறிப்புச் சுவர், சுரங்க நடைகள், ஏறி இறங்கும் படிகள். நானும் அதற்குள்ளால் வந்தவள்தான். முன்னால் போனவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். கேட்பதற்கு ஒருவரிடமும் ஒரு சொல் இருக்கவில்லை. அங்கிருந்து மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நிறையப்பேர் நோர்ட்றைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் அரசாங்க மொழி வகுப்பு கிடையாது. ஊரில் ஆங்கிலம் படிப்பித்த பழக்கத்தில் நான் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து கொஞ்சம் முந்தி டொச் பிடித்துக்கொண்டேன். அது போதுமாக இருந்தது. "அக்கா, நாளைக்கு ஒருக்கா வருவீங்களோ" என்று கேட்டு, கையில் ஒரு மண்ணிறக் கடித உறையோடு வீட்டு வாசலில் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கடிதங்களின் வலது பக்க மேல் மூலையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கடிதத்தின் உள்ளடக்கத்தை அகராதி வைத்து விளங்கிக்கொள்ளலாம். அந்த மூலையில் இருப்பதை எந்த அகராதியும் சொல்லாது. 'கெப்.' என்றால் கட்டடம். 'ட்சி.' என்றால் அறை. 'ஓ.கே.' என்று இரண்டு எழுத்து இருந்தால் மேல்மாடி. அதற்கு முன்னால் இருக்கும் இலக்கம் எத்தனையாவது என்று சொல்லும். 'இ.கே.' என்றால் தரைத்தளம், 'ஊ.கே.' என்றால் நிலவறைத் தளம். 'லி.' இடது, 'றெ.' வலது. ஒரு வரிக்குள் முழுக் கட்டடத்தையும் மடித்து வைத்திருப்பார்கள். அதை விரித்துச் சொல்லுவதுதான் என் முதல் வேலையாக இருந்தது. கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு படம் கீறிக் கொடுப்பேன்: வாசல், படி, லிப்ற், நடைவழி, கதவு. தனியாகப் போக வேண்டியவர்கள் அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள்.

படம் கீறிக் கீறித்தான் ஒரு விசயம் பிடிபட்டது. வாசலில் இருப்பவர் என்ன வேகத்தில் சொன்னாலும் அவர் வசனத்தின் எலும்பு ஒன்றுதான். முதலில் மாடி. அடுத்தது பக்கம். அதற்குப் பிறகு கண்ணில் படக்கூடிய ஓர் அடையாளம்: லிப்ற், படி, கண்ணாடிக் கதவு, கோப்பி மெசின். கடைசியாகக் கதவு. நடக்கிற ஒழுங்கிலேயே சொற்களும் வரும். ஆகவே எல்லாச் சொல்லையும் பிடிக்கத் தேவையில்லை. மாடி, பக்கம், அடையாளம் என்ற மூன்றையும் பிடித்தால் போதும் என்று சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். அதைவிட முக்கியமாக இன்னொன்று: கேட்டதை அந்த இடத்திலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆல்சோ, டிறிட்டெ எற்றாஜெ, லிங்ஸ்?" என்று கேட்டால், அவர் ஒன்றில் "கெனாவ்", சரிதான், என்பார், அல்லது திருத்துவார். இரண்டாவது தடவை சொல்லும்போது மெதுவாகச் சொல்லுவார், கையையும் காட்டுவார். 'விளங்கேல்லை' என்று சொன்னால் அதே வசனத்தை அதே வேகத்தில் கொஞ்சம் உரத்துச் சொல்லுவார். எங்கள் ஆட்களுக்குத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இருந்தது. அதை உடைக்கத்தான் எனக்குக் கனகாலம் எடுத்தது.

மாடிக்கு ஒரு சொல் இருந்திருந்தால் வேலை சுகமாக இருந்திருக்கும். 'ஷ்டொக்', 'ஷ்டொக்வெர்க்', 'எற்றாஜெ', 'கெஷொஸ்' என்று நாலு இருக்கின்றன. றைன் நதிப் பக்கத்து ஆட்கள் எற்றாஜெ என்பார்கள். வீட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் ஓபர்கெஷொஸ் என்று இருக்கும். புத்தகம் ஷ்டொக் என்று படிப்பிக்கும். ஷ்டொக் படித்துவிட்டுப் போன பிள்ளை எற்றாஜெ என்று காதில் விழுந்ததும் திகைத்து நிற்கும். அதனால் நான் முதல் நாளே நாலையும் பலகையில் எழுதிவிடுவேன். அதிகாரிகள் தாங்கள் எந்தச் சொல் பாவிக்கிறோம் என்று யோசித்துக் கதைப்பதில்லை.

எண்ணிக்கையில் எங்களுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. தரைத்தளத்தை எண்ணாமல் அதற்கு மேலே உள்ளதை முதலாம் மாடி என்பது இலங்கையில் ஆங்கிலேயர் விட்டுப்போன கணக்குத்தான். பிற்காலத்தில் உக்றேனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்தவர்கள் வகுப்பில் இருந்தபோதுதான் இதுவும் ஒரு பாடம் என்று தெரிந்தது. அவர்களுடைய நாட்டில் தரைத்தளமே முதலாம் மாடி. மூன்றாம் மாடி என்று சொன்னால் ஒரு மாடி குறைய ஏறி நிற்பார்கள். பழைய வீடுகளில் எல்லாரையும் குழப்புவது 'ஹோஹ்பார்டேர்'. தெருவிலிருந்து அரைவாசிப் படி ஏறினால் வருகிற தளம் அது. படி ஏறியாகிவிட்டது, ஆனால் கணக்கில் இன்னும் தரைத்தளம்தான்.

வீடுகளின் கதை தனி. ஜேர்மனியில் அடுக்குமாடி வீட்டுக் கதவுகளில் பெரும்பாலும் இலக்கம் இருக்காது. தெரு இலக்கம் ஒன்று. அதற்குப் பிறகு எல்லாம் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்தான். ஒரு தளத்தில் இரண்டு மூன்று வீடு இருந்தால் இடது, நடு, வலது. யாருடைய இடது என்றால், படியேறி அந்தத் தளத்துக்கு வந்து நிற்பவருடைய இடது. தெருவில் நின்று யன்னலைப் பார்த்து எண்ணுகிறவருக்கு அது மாறிப் போகலாம். பேர்லினின் பழைய வீடுகளில் இன்னும் ஒரு படி மேலே: தெருப்பக்கம் இருப்பது ஃபோர்டர்ஹவுஸ், முற்றத்தைத் தாண்டி இருப்பது ஹின்டர்ஹவுஸ், இரண்டையும் இணைக்கும் பக்கச் சிறகு சைட்டென்ஃப்ளூகல். ஒரே தெரு இலக்கத்துக்குள் மூன்று படிக்கட்டுகள் இருக்கும். வியன்னாவுக்குக் கலியாணம் கட்டிப் போன ஒரு மாணவி அங்கிருந்து ரெலிபோன் எடுத்து, "ரீச்சர், இஞ்சை கதவுக்கு நம்பர் போட்டிருக்கு!" என்று அதிசயமாகச் சொன்னாள். ஒஸ்ரியாவில் படிக்கட்டுக்கு ஓர் இலக்கம், கதவுக்கு ஓர் இலக்கம் என்று விலாசத்திலேயே வரும்.

இந்தச் சொற்களை எனக்கு முதலில் சரியாகச் சொல்லித் தந்தது புத்தகமில்லை, விடியற்காலையில் பேப்பர் போட்ட ஒரு பொடியன். வேலை அனுமதி கிடைத்ததும் எங்கள் ஆட்கள் பலர் உணவகச் சமையலறைக்கும் துப்புரவு வேலைக்கும் பேப்பர் போடவும்தான் போனார்கள். இவனுக்கு டொச்சில் தன் வயதைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராது. ஆனால் எந்த வீட்டுக்கு முற்றத்தால் போக வேண்டும், எந்த வாசலில் மணி வலப்பக்கம் இருக்கிறது, எந்தப் பெட்டி அரைப்படியில் தொங்குகிறது என்பதையெல்லாம் கையிலிருந்த பட்டியலில் இருந்தபடியே டொச்சில் சொல்லுவான். 'இம் ஹோஃப் லிங்ஸ்', 'ஹின்டர் டெர் ட்றெப்பெ', 'நேபன் டெம் கெல்லர்': முற்றத்தில் இடது பக்கம், படிக்குப் பின்னால், நிலவறைக்குப் பக்கத்தில். வேற்றுமை உருபு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அவனுக்கு இலக்கணம் தெரியாது. ஒவ்வொரு காலையும் அந்த இடத்தில் நின்று அந்தச் சொல்லை வாசித்திருக்கிறான். கட்டடச் சொற்களைக் கட்டடத்துக்குள்தான் படிப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அவனால் வந்தது.

2005இல் குடிவரவுச் சட்டம் மாறியது. அரசாங்கமே ஒருங்கிணைப்பு வகுப்புகளைத் தொடங்கியது: 600 மணித்தியாலம் மொழி, அதன்பின் நாட்டைப் பற்றிய அறிமுகப் பாடம். அந்த அறிமுகப் பாடம் முதலில் 30 மணித்தியாலமாக இருந்து, படிப்படியாகக் கூடி, பிறகு 100 ஆனது. எனக்கு ஒழுங்கான வகுப்பறையும் பாடப்புத்தகமும் கிடைத்தன. வகுப்பில் தமிழர் ஓரிருவர்தான். துருக்கியர், குர்தியர், ஆபிரிக்காவின் பல நாட்டவர், பிறகு சிரியாவிலிருந்து வந்தவர்கள். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஆரம்பப் பாடங்களுக்குள் ஒரு வீட்டுப் படம் இருக்கும். மேலேயிருந்து பார்த்தமாதிரி கீறிய படம்: குசினி, இருக்கும் அறை, படுக்கை அறை, குளியலறை. "குசினி எங்கே இருக்கிறது? இருக்கும் அறைக்குப் பக்கத்தில்." பிள்ளைகள் வடிவாகச் சொல்லுவார்கள். அதே பிள்ளைகள் அடுத்த கிழமை பல் வைத்தியரிடம் போய்க் காத்திருக்கும் அறை எது என்று தெரியாமல் நடைவழியில் நிற்பார்கள். கட்டடத்தைக் கூரையைக் கழற்றி மேலேயிருந்து எவரும் பார்ப்பதில்லை. கதவால் நுழைந்து, கண் மட்டத்தில் பார்த்து, திரும்பித் திரும்பித்தான் போகிறோம்.

அதனால் வகுப்பைப் படிக்கட்டுக்குக் கொண்டுபோனேன். ஒருத்தி போய்க் கட்டடத்துக்குள் எங்காவது நிற்பாள். வகுப்பில் இருக்கும் மற்றவளுக்குக் கைத்தொலைபேசியில் தான் நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். தேடிப் போகிறவள் தான் எங்கே போகிறாள் என்பதைப் போகப்போகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். நிற்கிறவளுக்கு 'வோ', எங்கே. நடக்கிறவளுக்கு 'வோஹின்', எந்த இடத்துக்கு. நிற்கிறவள் 'இம் கெல்லர்' என்றால் நடக்கிறவள் 'இன் டென் கெல்லர்' என்பாள். நடைவழியில் நிற்கிறவள் 'அவுஃப் டெம் ஃப்ளூர்', அதற்கு நடக்கிறவள் 'அவுஃப் டென் ஃப்ளூர்'. டொச்சில் ஒன்பது முன்னிடைச் சொற்கள் இப்படி இரண்டு விதமாகவும் வரும்: அன், அவுஃப், ஹின்டர், இன், நேபன், ஊபர், உன்டர், ஃபோர், ட்ஸ்விஷன். பலகையில் எழுதிப் படிப்பித்தால் கிழமைக்கணக்கில் இழுபடுகிற இந்தப் பாடம், கால் நடக்கிறதா நிற்கிறதா என்று உடம்புக்குத் தெரிகிற இடத்தில் கெதியாக ஏறிவிடும். கட்டடப் பொறுப்பாளர் முதலில் சத்தம் என்று முறைப்பட்டார். பிறகு அவரே நிலவறைத் திறப்பைக் கொண்டுவந்து தந்து, "அங்கேயும் ஒளிக்கலாம்" என்றார்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, ஒரு குழியும் இருக்கிறது. 'குசினியில் இருக்கிறாள்', 'குசினிக்குப் போகிறாள்' என்ற வித்தியாசம் எங்கள் வாயிலேயே இருப்பதுதான். 'இல்' வருகிற இடத்தில் 'இன் டெர் க்யூஷெ', 'கு' வருகிற இடத்தில் 'இன் டீ க்யூஷெ' என்று சொல்லிவிட்டால் உடனே பிடிப்பார்கள். குழி எங்கே என்றால், ஊரில் தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர்களிடம். 'கு' நான்காம் வேற்றுமை, ஆங்கிலப் புத்தகங்கள் அதை டேட்டிவ் என்கின்றன, டொச்சில் டாட்டிஃப் என்று ஒன்று இருக்கிறது, ஆகவே போகிற இடத்துக்கு டாட்டிஃப் என்று அவர்களாகவே ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள். டொச்சில் இந்தச் சொற்களோடு நிற்கிற இடத்துக்குத்தான் டாட்டிஃப். வேற்றுமைகளின் பெயரை மறந்துவிட்டு 'இல்', 'கு' இரண்டை மட்டும் நினைக்கச் சொல்லுவேன்.

ஆனால் இந்த உருபு விசயத்துக்குப் புத்தகங்கள் கொடுக்கிற இடம் அதிகம் என்பது என் எண்ணம். 'டெர்', 'டெம்', 'டென்' பிழைத்துப்போய் வழி தவறிய ஒருவரை நான் கண்டதில்லை. 'ஃபோர்', 'ஹின்டர்' மாறி வழி தவறியவர்கள் நிறைய. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்காரச் சொன்னால் பின்னால் போய் உட்கார்ந்து, தன் பெயர் கூப்பிடுவது கேட்காமல் பின்னேரம் வரை இருந்த ஒரு ஐயாவை நான் போய்த்தான் கூட்டி வந்தேன். மேலே என்ற 'ஊபர்', கீழே என்ற 'உன்டர்' மாறினால் ஒரு மாடியே மாறும். பக்கத்தில், எதிரே என்ற இரண்டும் மாறினால் வேறொருவருடைய அறைக்குள் போய்விடுவோம். அதனால் நான் முதலில் முன்னிடைச் சொல், பிறகு அடையாளப் பொருட்களின் பெயர்கள், உருபு கடைசியில் என்ற ஒழுங்கில் படிப்பிக்கிறேன். பரீட்சைக்குத் தயார்பண்ணுகிற சக ரீச்சர்மாருக்கு இதில் உடன்பாடில்லை. பரீட்சையில் உருபுக்குப் புள்ளி குறைப்பார்கள் என்பது உண்மைதான். எனக்கு என் பிள்ளைகள் முதலில் கதவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அறை இலக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. டொச்சில் ஒன்றின் இடம் முன்னுக்கும் பத்தின் இடம் பின்னுக்கும் வரும். 235 என்பது 'இருநூற்று, ஐந்தும் முப்பதும்' என்று காதில் விழும். கேட்டுக்கொண்டே எழுதுகிறவர் 253 என்று எழுதுவார். இரண்டு இலக்கமும் அதே மாடியில்தான் இருக்கும் என்பதால் பிழை உடனே தெரியாது. நடைவழியின் மற்ற முனையில், பூட்டிய கதவொன்றுக்கு முன்னால் இருந்துகொண்டிருப்பார். இலக்கத்தைத் தனித்தனியாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அப்போது அவர்கள் 'ட்சுவை' என்பதைக்கூட 'ட்சுவோ' என்பார்கள், மூன்றின் 'டிறை'யோடு மயங்காமலிருக்க. பல கந்தோர்களில் முதல் இலக்கம் மாடியைக் காட்டும்: 312 என்றால் மூன்றாம் மாடி. அது தெரிந்தால் பாதி வசனம் மிச்சம். பழைய கட்டடங்களில் மட்டும் கீழிருந்து மேல்வரை ஒரே தொடராக ஓடும். அங்கே 47 எந்த மாடியில் என்று கேட்டுத்தான் அறிய வேண்டும்.

ரூர் பகுதியில் வாசலில் இருப்பவர்களின் பேச்சு வேறு. "கேன்செ மா டா டுர்ஹ், டன் உம்மெ எக்கெ" என்பார்கள். அதற்குள்ளால் போங்கோ, பிறகு மூலையால் திரும்புங்கோ என்று அர்த்தம். புத்தகத்தில் 'உம் டீ எக்கெ' என்று மூன்று சொல்லாகப் படித்தது இங்கே இரண்டாகச் சுருங்கியிருக்கும். சுரங்கத்தில் வேலைசெய்துவிட்டு வாசல் வேலைக்கு வந்த ஒரு முதியவரை ஒருநாள் வகுப்புக்குக் கூட்டிவந்தேன். தன் கட்டடத்தில் தினமும் சொல்லுகிற வழிகளைத் தன் பேச்சிலேயே சொல்லச் சொன்னேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவர் கதைக்கக் கதைக்க இரண்டு கையாலும் காற்றில் கட்டடம் கட்டினார். நடைவழி வந்தால் கை நீளும், படி வந்தால் விரல் ஏறும். அன்றைக்குத்தான் பிள்ளைகள் காதோடு கண்ணையும் சேர்த்துக் கேட்கப் பழகினார்கள் என்று நினைக்கிறேன்.

சில சனிக்கிழமைகளில் விருப்பமானவர்களைச் சேர்த்துக்கொண்டு பொஹும் பல்கலைக்கழகத்துக்குப் போவேன். யூ 35 எடுத்தால் வாசலில் இறங்கலாம். 1965இல் திறந்த இந்தப் பல்கலைக்கழகம் சரிவில் நிற்கிறது. கட்டடங்களுக்கு கே-ஆ, கே-பே, கே-த்சே என்று எழுத்துத்தான் பெயர். நடந்து நுழைகிற தளம் பூச்சியம். 3 என்று தொடங்கும் அறை அதற்கு மூன்று தளம் மேலே. 03 என்று தொடங்குவது மூன்று தளம் கீழே. கீழே போகிறோம் என்று நினைத்துப் போனால் அங்கேயும் யன்னலால் வெயில் வரும், சரிவு என்றபடியால். ஆளுக்கு ஓர் அறை இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்து, போய்வந்து வழி சொல்லச் சொல்லுவேன். பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் இன்னொரு நல்ல பயிற்சிக்களம். 1976இல் வந்த அந்தப் பிரதான கட்டடத்தின் நடுவில் நீண்ட மண்டபம், அதிலிருந்து இரண்டு பக்கமும் சீப்புப் பல்போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள். அவற்றை அங்கே பற்கள் என்றே சொல்லுகிறார்கள். முதல் எழுத்து எந்தப் பல் என்று சொல்லும், அடுத்த இலக்கம் எந்தத் தளம் என்று சொல்லும். இந்த ஆட்களில் பலர் பிறகு தங்கள் பிள்ளைகளின் பட்டமளிப்புக்கு அதே கட்டடங்களுக்குப் போனார்கள். துப்புரவு வேலைக்குப் போனவர்களுக்குத் தளம், நடைவழி, தேநீர் அறை என்று எழுதித் தரும் வேலைப் பட்டியலை வாசிக்கவும் இந்தப் பயிற்சி உதவியது.

என் வகுப்பிலேயே நான் ஒருநாளும் தவறவிடாத பாடம் ஒன்று இருக்கிறது. 112க்கு எடுத்தால் முதலில் கேட்பது எங்கே என்றுதான். தெருவும் இலக்கமும் சொன்னால் அம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிடும். வாசலிலிருந்து நோயாளியின் கட்டிலுக்கு வருவதற்கு வழி வேண்டும். அதை ஒவ்வொருவரும் தன் சொந்த வீட்டை வைத்துத் தனக்கென்று எழுத வேண்டும், நான் திருத்துவேன், பாடமாக்க வேண்டும், ரெலிபோன் வைத்திருக்கும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.

டோட்முண்டில் பழைய வீடொன்றின் ஹின்டர்ஹவுஸில் இருந்த ஒரு பிள்ளை, முல்லைத்தீவுப் பக்கத்தாள், இதை எழுதிக்கொண்டு வந்தபோது மணியில் இருக்கும் பெயர் என்ற இடத்தில் தன் புருசனின் பெயரை எழுதியிருந்தாள். "உண்மையாகவே அந்தப் பெயர்தான் மணியில் இருக்கா?" என்று கேட்டேன். அடுத்த நாள் வந்து, "இல்லை ரீச்சர், முந்தி இருந்தவேன்ரை பெயர்தான் இன்னும் இருக்கு" என்றாள். வீட்டுக்காரர் மாற்றவே இல்லை. அப்படியானால் அந்தப் பெயரையே எழுது என்று எழுதுவித்தேன். சில மாதத்துக்குப் பிறகு, புருசன் இரவு வேலைக்குப் போயிருந்த நேரம், மாமனாருக்கு நெஞ்சுநோ வந்துவிட்டது. அவள் 112க்கு எடுத்தாள். வழியை ஒரே மூச்சில் சொன்னாளாம்: வாகன வாசலால் வந்து, முற்றத்தைக் கடந்து, ஹின்டர்ஹவுஸ், மூன்றாம் மாடி, இடது, மணியில் இருப்பது இந்தப் பெயர், நாங்கள் வேறு பெயர். அங்காலே இருந்தவர் "ஃபோர்டர்ஹவுஸா ஹின்டர்ஹவுஸா?" என்று மறுபடி கேட்டபோதும் தடுமாறவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுப்பிக் கீழே அனுப்பி, தெருக்கதவைத் திறந்து பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். வந்தவர்கள் நேரே மேலே ஏறினார்கள். மனுசன் பிழைத்தார். மாமனாரே பிறகு ஒருநாள் வகுப்பு வாசலுக்கு வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார்.

இப்போது கைத்தொலைபேசி வழி காட்டுகிறது, இந்தப் பாடம் இன்னும் எதற்கு என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அது தெருவாசல் வரைதான் கொண்டுவந்து விடும். உள்ளே போனால் நீலப் புள்ளி கட்டடத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும். எந்த மாடி என்று அதற்குத் தெரியாது. கந்தோர்களும் மாறிவிட்டன. முந்தி நடைவழியில் இருந்து பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்போம். சிவசுப்பிரமணியம் என்ற பெயரை அவர்கள் உச்சரிப்பதை அடையாளம் காண்பதே ஒரு தனிப் பயிற்சி. இப்போது இலக்கச் சீட்டு எடுத்தால் திரையில் இலக்கமும் மேசையும் விழுகின்றன. கொரோனா நேரம் எல்லாக் கதவுகளும் மாறின: உள்ளே போக முற்றத்தால், வெளியே வர நிலவறையால், தரையில் அம்புக்குறி. வருடக்கணக்காகப் பழகிய கட்டடத்துக்குள்ளேயே பழைய ஆட்கள் திரும்பவும் வாசித்து நடக்க வேண்டியிருந்தது. வாசலில் வழி சொல்ல ஆள் இல்லை, கடதாசிதான் ஒட்டியிருந்தது. அந்த நேரம் எழுத்தில் வாசித்து வழி பிடிக்கும் பயிற்சியைக் கூட்டினேன். அது இன்னும் தொடர்கிறது.

கடைசிச் சில வருடங்களாக என் வகுப்பில் இந்தியாவிலிருந்து வரும் நேர்ஸ்மார் கூடியிருக்கிறார்கள், கேரளப் பிள்ளைகள்தான் அதிகம், இடையிடையே தமிழ்நாட்டுப் பிள்ளைகள். இவர்கள் ஊரிலேயே டொச் பரீட்சை எழுதிச் சித்தியடைந்து வருகிறவர்கள். உருபெல்லாம் வடிவாக வரும். வோர்ட்டில் முதல் நாள் காலைப் பொறுப்பு மாற்றும்போதுதான் தடுமாறுகிறார்கள். அங்கே பலர் நோயாளியின் பெயரைச் சொல்லுவதில்லை. "ட்சுவெல்ஃப் ஃபென்ஸ்டர்" என்பார்கள்: பன்னிரண்டாம் அறை, யன்னல் பக்கக் கட்டில். "அஹ்ட் ட்யூர்": எட்டாம் அறை, கதவுப் பக்கம். மூன்று கட்டில் என்றால் நடுவுக்கு 'மிட்டெ'. முன்னிடைச் சொல்லும் இல்லை, உருபும் இல்லை, இடம் மட்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை, "மேடம், ஜன்னலுக்கு ஊசி போடச் சொல்றாங்கன்னு முதல்ல நினைச்சேன்" என்றாள். கட்டில் இடம் மாறினால் மருந்து மாறுமே என்று அவளுக்கு இரவு நித்திரையே வரவில்லையாம். அவளுடைய பயம் நியாயமானது. அறை, கட்டில் என்று காதில் விழுந்தாலும், கையில் மருந்தோடு நோயாளிக்கு முன்னால் நின்று பெயரையும் பிறந்த திகதியையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். வாசலில் வழி கேட்டவர்களுக்கு நான் சொன்ன அதே திருப்பிச் சொல்லுதல்தான்.

அவர்களுக்காகப் புதிய பயிற்சி ஒன்று எழுதியிருக்கிறேன். இரவுப் பொறுப்பில் தனியாக இருக்கும்போது அவசர வைத்தியக் குழுவைக் கூப்பிட்டால் சொல்ல வேண்டியவை: எந்தக் கட்டடம், எந்தத் தளம், எந்த வோர்ட், எந்த அறை, எந்தக் கட்டில்; எந்த லிப்றால் வந்தால் கிட்ட. ஒவ்வொருவரும் தன் வோர்ட்டை நடந்து பார்த்து, தன்னுடையதை எழுதிக்கொண்டு வர வேண்டும். அடுத்த வகுப்பு தொடங்குவதற்கு எங்களுக்குத் தரைத்தளத்தில் ஒரு பெரிய அறை ஒதுக்கினார்கள். வெளிச்சமும் நல்ல கதிரைகளும் உள்ள அறை. நான் மூன்றாம் மாடியில், நடைவழியின் கடைசியில் இருக்கும் சின்ன அறையைக் கேட்டு மாற்றி எடுத்திருக்கிறேன்.